பையில ஒரு ரவுட்டர், பின்னாடி ஒரு பழைய வழக்கு

பயணம் போறப்ப பையில போட்டு எடுத்துட்டுப் போற குட்டி ரவுட்டர் இருக்கே, அதைப் பத்தின வரலாற்றுப் பதிவு இது. எந்த மாடல் வாங்கலாம், எதுல பேட்டரி நிக்கும்ங்கிற கேள்விக்கெல்லாம் யூட்யூப்ல ஆயிரம் பேர் பதில் சொல்லிட்டாங்க. நான் சொல்லப் போறது அந்தப் பெட்டிக்குப் பின்னாடி இருக்குற சண்டையைப் பத்தி. கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி கையில இருந்தா நல்லது :-)

முதல்ல ஒரு பெயர் குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். இதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, சிம் கார்டும் பேட்டரியும் உள்ளேயே வச்சிருக்குற ஹாட்ஸ்பாட் பெட்டி. மைஃபை, பாக்கெட் வை-ஃபைன்னு ஊருக்கு ஒரு பேர். இன்னொண்ணு, சிம் இல்லாத டிராவல் ரவுட்டர். ஓட்டல்காரன் குடுக்குற இணைப்பை வாங்கி, நம்ம சொந்த வை-ஃபையா மாத்திக் குடுக்கும். ரெண்டும் செய்யுற வேலை ஒண்ணுதான். ஒரு ஆளுக்குன்னு வந்த இணைப்பைப் பல சாதனங்களுக்குப் பிரிச்சுக் குடுக்குறது.

இந்தப் பிரிச்சுக் குடுக்குற வேலைதான் பிரச்சினையே. நான் காசு குடுத்து ஒரு லைன் வாங்கிட்டேன். என் பக்கத்து முனையில நான் எதை மாட்டுறேன், எத்தனை பேருக்குக் குடுக்குறேன்ங்கிறதை யார் முடிவு பண்ணணும்? நானா, லைன் குடுத்த கம்பெனியா?

இந்தக் கேள்விக்கு வயசு எழுபதுக்கு மேல. பதில் தேட அமெரிக்காவுக்குப் போகணும். ஏன்னா சண்டை நடந்தது அங்கதான்.

எண்ணெய்க் கிணறும் டெலிபோனும்

1950கள்ல அமெரிக்காவுல டெலிபோன்னா பெரும்பாலும் ஏடி அண்ட் டி தான். லைன் அவங்களோடது. வீட்டுல இருக்குற போனும் அவங்களோடதுதான், மாச வாடகைக்கு. அதுல வெளியாள் செஞ்ச எதையும் மாட்டக் கூடாதுன்னு விதி.

ஹஷ்-எ-போன்னு ஒரு சாமான் வித்துட்டு இருந்தாங்க. கரண்ட் கிடையாது, வயர் கிடையாது. ரிசீவரோட வாய்ப்பகுதியில மாட்டுற ஒரு கிண்ணம் மாதிரி மூடி, அவ்வளவுதான். நீங்க பேசுறது பக்கத்து மேஜைக்காரன் காதுல விழாது. இதையும் கூடாதுன்னுது கம்பெனி. தொலைத்தொடர்பு ஆணையமும் (எஃப்சிசி) கம்பெனி பக்கமே நின்னுது. 1956ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. நீதிமன்றம் சொன்னதோட சாரம் இதுதான்: சந்தாதாரருக்குப் பயன்படுது, பொதுவுக்குக் கெடுதல் இல்லைன்னா, தன் போனை அவர் அப்படிப் பயன்படுத்திக்கலாம்.

இந்த அளவுகோலை மனசுல வச்சுக்குங்க. எனக்கு உபயோகமா? ஊருக்குக் கெடுதல் இல்லையா? பதிவு முழுக்க இது வரும்.

அடுத்து வந்தவர் டெக்சாஸ்காரர் தாமஸ் கார்ட்டர். எண்ணெய் வயல்லயும் பண்ணைகள்லயும் வேலை பார்க்குறவங்க கையில இருவழி ரேடியோ இருக்கும். ஆனா அதுல இருந்து ஒரு டெலிபோன் நம்பருக்குப் பேச வழியில்லை. கார்ட்டர் ஒரு பெட்டி செஞ்சார். ஆபீஸ்ல இருக்குற போன் ரிசீவரை எடுத்து அந்தப் பெட்டி மேல வச்சிட்டா போதும். போன்ல வர்ற குரல் ரேடியோவுல போகும், ரேடியோவுல வர்ற குரல் போன்ல போகும். லைனோட வயரைத் தொடவே தொடாது. பேர் கார்ட்டர்ஃபோன். 1959ல இருந்து 1966 வரைக்கும் சுமார் 3,500 பெட்டி வித்திருக்கார்.

யோசிச்சுப் பாருங்க, ஒரு முனையில கம்பெனி லைன், இன்னொரு முனையில காத்துல அலையா போற ரேடியோ, நடுவுல சந்தாதாரர் சொந்தமா வாங்கி வச்ச பெட்டி. நம்ம பாக்கெட் ரவுட்டரோட கொள்ளுத்தாத்தா இவர்தான்.

ஏடி அண்ட் டி சும்மா இருக்குமா? கார்ட்டர்ஃபோன் பயன்படுத்தினா விதிப்படி நடவடிக்கைன்னு வாடிக்கையாளர்களை எச்சரிச்சுது. கார்ட்டர் வழக்கு போட்டார். அது சுத்தி சுத்தி எஃப்சிசிகிட்ட வந்து, 1968 ஜூன்ல தீர்ப்பு கார்ட்டர் பக்கம் வந்துச்சு. நெட்வொர்க்குக்குக் கெடுதல் பண்ணாத எந்தச் சாதனத்தையும் இணைக்கலாம். வெளிக்கம்பெனி ஆன்சரிங் மெஷின், ஃபேக்ஸ், மோடம் எல்லாம் வீட்டு லைன்ல ஏறினதுக்கு இந்தத் தீர்ப்பு திறந்த கதவுதான் காரணம்.

மைக்ரோவேவ் அடுப்போட அலைவரிசை

லைன் பக்கம் இப்படித் திறந்துச்சு. ரேடியோ பக்கம் என்ன ஆச்சு?

ரேடியோ அலை அனுப்பணும்னா லைசென்ஸ் வேணும். ஆனா சில அலைவரிசைகள் யாரும் சீண்டாம குப்பை மாதிரி கிடந்துச்சு. மைக்ரோவேவ் அடுப்பு, தொழிற்சாலை, மருத்துவக் கருவி எல்லாம் இரைச்சல் போடுற இடம் அது. 1985 மே மாசம் எஃப்சிசி ஒரு முடிவு எடுத்துச்சு. அந்தப் பட்டைகள்ல, குறைஞ்ச சக்தியில, அலையைப் பரப்பி அனுப்புற தொழில்நுட்பம் வச்சு யார் வேணும்னாலும் லைசென்ஸ் இல்லாம பேசிக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அதுல ஒண்ணு. மைக்கேல் மார்கஸ்னு ஆணையத்துல இருந்த ஒரு இன்ஜினியர் இதுக்காக உள்ளேயே போராடினவர்.

அதுக்கப்புறம் 1997ல 802.11 தரநிலை வந்துச்சு, வேகம் 2 மெகாபிட். 1999ல 802.11பி வந்து 11 மெகாபிட் ஆச்சு. அதே வருஷம் ஆப்பிள் ஐபுக் லேப்டாப்போட ஏர்போர்ட் பெட்டியை விக்க ஆரம்பிச்சு, வை-ஃபை வீட்டுக்குள்ள வந்துச்சு.

இந்தியாவுல 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில குறைஞ்ச சக்திச் சாதனங்களுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு 2005 ஜனவரியில அறிவிப்பு வந்துச்சு. இன்னைக்கு நம்ம தெருவுல இருக்குற ஒவ்வொரு ரவுட்டருக்கும் அதுதான் அனுமதிச் சீட்டு.

பி.பி. நம்பர்

மூணாவது சாமான் மென்பொருள். நம்ம ஏரியா :-)

பழைய கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு எல்லாம் எடுத்துப் பாருங்க. போன் நம்பருக்குப் பக்கத்துல "பி.பி."ன்னு போட்டிருக்கும். அந்த நம்பர் பக்கத்து வீட்டுக்காரரோடது. போன் பண்ணினா அவர் எடுப்பார், "எதிர்வீட்டு சாரைக் கூப்பிடுங்க"ன்னு சொன்னா, "சார், உங்களுக்கு போன்"னு கூப்பிட்டு விடுவார். டெலிபோன் எக்சேஞ்சைப் பொறுத்தவரை அங்க இருக்குறது ஒரே ஒரு நம்பர், ஒரே ஒரு வீடு. அந்தத் தெருவுல எத்தனை குடும்பம் அந்த நம்பர்ல வாழுதுன்னு எக்சேஞ்சுக்குத் தெரியாது.

இணையத்துல இதுக்குப் பேர் நாட், அதாவது முகவரி மாற்றம். 1994 மே மாசம் ஆர்எஃப்சி 1631ங்கிற ஆவணத்துல எகவாங், ஃபிரான்சிஸ்னு ரெண்டு பேர் எழுதினாங்க. அப்போ கவலை என்னன்னா, ஐ.பி. முகவரிகள் தீர்ந்துபோகப் போகுது. நிரந்தரத் தீர்வு வர்ற வரைக்கும் தற்காலிகமா இதை வச்சு ஓட்டலாம்னு சொன்னாங்க. முப்பது வருஷம் தாண்டியும் அந்தத் தற்காலிகம் ஓடிட்டே இருக்கு. (நம்ம புராஜெக்ட்டுல டெம்ப்ரவரி ஃபிக்ஸ்னு போட்டது எல்லாம் புரொடக்‌ஷன்லயே குடியேறுற மாதிரி.)

நடக்குறது இதுதான். உங்க லேப்டாப், போன், டேப்லெட் எல்லாத்துக்கும் ரவுட்டர் உள்ளுக்குள்ள 192.168ல ஆரம்பிக்கிற ஒரு முகவரி குடுக்கும். பாக்கெட் வெளிய போறப்ப அந்த முகவரியை அழிச்சிட்டு தன்னோட முகவரியையும் ஒரு போர்ட் எண்ணையும் எழுதி அனுப்பும். எந்த எண் யாரோடதுன்னு ஒரு நோட்டுல குறிச்சு வச்சுக்கும். பதில் வந்தா நோட்டைப் பார்த்து உரியவர்கிட்ட சேர்க்கும். வெளிய இருந்து பார்க்குறவனுக்கு ஒரே ஒரு சாதனம்தான் தெரியும்.

முகவரிப் பஞ்சத்துக்குக் கண்டுபிடிச்ச வைத்தியம், "ஒரு லைனுக்கு ஒரு கம்ப்யூட்டர்"ங்கிற விதியை ஓசைப்படாம உடைச்சுப் போட்டுச்சு. ரவுட்டரை ஒரு பயணச் சாமானா ஆக்குனது இந்த நோட்டுப் புத்தகம்தான்.

ஓட்டல் ரூம்ல ஒரே ஒரு ஓட்டை

2000களோட ஆரம்பத்துல வெளிநாட்டு ஓட்டல் ரூம்ல மேஜை பக்கத்துல ஒரு ஈதர்நெட் ஓட்டை இருக்கும். கேபிளைச் சொருகினா நாள் கட்டணம் கேட்டு ஒரு பக்கம் வரும். கட்டினா ஒரு லேப்டாப்புக்கு இணையம். ரெண்டாவது லேப்டாப்புக்கு மறுபடி காசு.

2004 ஜூன்ல ஆப்பிள் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ்னு ஒண்ணு அறிவிச்சுது. 129 டாலர், 200 கிராமுக்கும் குறைவு. பார்க்க லேப்டாப் சார்ஜர் மாதிரி இருக்கும். சுவத்துல சொருகி, ஓட்டல் கேபிளை இதுல மாட்டிட்டா ரூம் முழுக்க வை-ஃபை. (2018ல ஆப்பிள் இந்த ரவுட்டர் குடும்பத்தையே மூடிடுச்சு.)

அதே நேரத்துல இன்னொரு பக்கமும் ஒண்ணு நடந்துச்சு. லிங்க்சிஸ்ஸோட டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள்ள ஓடுறது லினக்ஸ்னு கண்டுபிடிச்சாங்க. ஜிபிஎல் உரிமப்படி மூலநிரலைக் குடுத்தே ஆகணும். 2003ல குடுத்தாங்க. அதை அடித்தளமா வச்சு 2004ல ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்துச்சு. இன்னைக்குத் தீப்பெட்டியை விட கொஞ்சம் பெரிசா, பவர் பேங்க்லயே ஓடுற டிராவல் ரவுட்டர்கள் வருதே, அதுல பலதுக்குள்ள இருக்குறது இதுதான். ஓட்டல் வை-ஃபையை ஒரு பக்கம் பிடிச்சு மறுபக்கம் சொந்த வை-ஃபையா விடுறது, எல்லாப் பாக்கெட்டையும் விபிஎன் வழியா அனுப்புறது எல்லாம் அதனாலதான் சாத்தியம்.

போன வருஷம் நான் தங்கின ஒரு லாட்ஜ்ல ரூமுக்கு ஒரு கூப்பன், கூப்பனுக்கு ஒரு டிவைஸ். ரூம்ல நாங்க மூணு பேர். டிராவல் ரவுட்டர்ல அந்தக் கூப்பனைப் போட்டோம். லாட்ஜ் கணக்குல ஒரே டிவைஸ், ரூம்ல ஏழு. 1990கள்ல எழுதின ஒரு தற்காலிக ஃபிக்ஸுக்கு அன்னைக்கு மனசார நன்றி சொன்னேன்.

"அன்லிமிடெட்"னா என்ன?

கேபிள் இருக்குற இடத்துல இப்படி. பஸ்லயும் ரயில்லயும்?

2003 அக்டோபர்ல வெரைசன் வயர்லெஸ் வாஷிங்டன்லயும் சான் டியாகோவுலயும் வேகமான மொபைல் இணையத்தை ஆரம்பிச்சுது. மாசம் 80 டாலர். லேப்டாப் பக்கவாட்டுல ஒரு அட்டையைச் சொருகணும். அட்டை ஒண்ணு, லேப்டாப் ஒண்ணு. சீக்கிரமே ஜங்ஷன் பாக்ஸ், அப்புறம் 2005ல கியோசெரா கேஆர்1 மாதிரி பெட்டிகள் வந்துச்சு. அட்டையை லேப்டாப்புக்குப் பதிலா பெட்டியில சொருகினா, வண்டிக்குள்ள இருக்குற எல்லாருக்கும் வை-ஃபை. கம்பெனிகளுக்கு வயித்தெரிச்சல். ஒரு ஆளுக்குன்னு போட்ட விலையில ஒரு வேன் முழுக்க உக்காந்து டவுன்லோட் பண்ணினா என்ன ஆகும்?

உண்மையில அப்போ விளம்பரத்துல "அன்லிமிடெட்"னு எழுதி, பொடி எழுத்துல ஆயிரம் தடை போட்டிருந்தாங்க. அதிகமா பயன்படுத்தினவங்களைத் துண்டிச்சாங்க. 2007 அக்டோபர்ல நியூயார்க் அட்டர்னி ஜெனரல் இதைப் பிடிச்சார். இப்படித் துண்டிக்கப்பட்டவங்க சுமார் 13,000 பேர். அவங்களுக்குத் திருப்பிக் குடுக்க 10 லட்சம் டாலர் ஒதுக்க வெரைசன் ஒத்துக்கிச்சு.

கம்பெனி தரப்புலயும் ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. கேபிள் மாதிரி இல்லை ரேடியோ. ஒரு டவர் அடியில இருக்குற எல்லாரும் ஒரே அலைவரிசையைப் பங்கு போட்டுக்கணும். ஒருத்தர் அளவில்லாம இழுத்தா பக்கத்துல இருக்குறவருக்கு வேகம் குறையும். அப்போ அது "ஊருக்குக் கெடுதல்"தான். ஆனா அதுக்குச் சரியான மருந்து, எவ்வளவு இழுத்தேன்னு பார்த்துக் காசு வாங்குறது. எத்தனை சாதனத்துல இழுத்தேன்னு எதுக்கு எட்டிப் பார்க்கணும்? குழாய்ல எத்தனை லிட்டர் பிடிச்சேன்னு கேளு, நியாயம். எத்தனை குடத்துல ஊத்தினேன்னு கேக்குறது எந்த ஊர் நியாயம்?

மைஃபையும் 570 பெட்டிகளும்

எதிர்த்தவங்களே கடைசியில அதை விக்க ஆரம்பிச்சாங்க. நோவாடெல் வயர்லெஸ்ங்கிற கம்பெனி 2008 டிசம்பர்ல மைஃபையை அறிவிச்சுது. 2009 மே மாசம் வெரைசன் கடைகள்ல மைஃபை 2200 வந்துச்சு. எடை 58 கிராம். நாலு மணி நேர பேட்டரி. மோடம், ரவுட்டர், வை-ஃபை எல்லாம் உள்ளேயே. கிரெடிட் கார்டுகளை அடுக்கின மாதிரி இருக்கும்.

ஆனா கணக்கைப் பாருங்க. அதிகபட்சம் அஞ்சு சாதனம். மாசம் 60 டாலருக்கு 5 ஜிபி. அதைத் தாண்டினா ஒரு எம்பிக்கு 5 சென்ட், அதாவது கூடுதலா ஒரு ஜிபிக்கு 50 டாலருக்கு மேல. அளந்து வித்த நேர்மை ஓகே, அளவுக்குப் போட்ட விலைதான் கொடுமை.

அதே வருஷம் நவம்பர்ல ஜப்பான்ல இ-மொபைல் கம்பெனி, ஹுவாவே செஞ்ச பெட்டியை "பாக்கெட் வை-ஃபை"ங்கிற பேர்ல இறக்குச்சு. பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு. சுற்றுலாப் பயணிகள் விமான நிலையத்துல வாடகைக்கு எடுத்து, ஊர் சுத்திட்டு, திரும்பப் போறப்ப குடுத்துட்டுப் போற ஒரு தனித் தொழிலே அங்க வளர்ந்துச்சு.

இந்தப் பெட்டிகளோட புகழ்பெற்ற நாள் 2010 ஜூன் 7. சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோன் 4ஐக் காட்டிட்டு இருக்கார். வலைப்பக்கம் திறக்கலை. மனுஷன் மேடையில முழிக்கிறார். கொஞ்ச நேரம் கழிச்சு வந்து காரணத்தைச் சொன்னார்: இந்த அரங்குக்குள்ள 570 வை-ஃபை பெட்டிகள் ஓடிட்டு இருக்கு. தயவு செஞ்சு அணைச்சிட்டு, லேப்டாப்பைக் கீழ வையுங்கன்னு கேட்டுக்கிட்டார். குறிப்பா பிளாகர்களை! (நம்ம இனம். நேரடி ஒளிபரப்பு மாதிரி பதிவு போட்டுட்டு இருந்திருப்பாங்க.)

என்ன ஆச்சுன்னா, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாம இருக்குறது மூணே மூணு சேனல்தான். அதுல 570 பேர் ஒரே நேரத்துல பேசினா சந்தைக்கடைதான். இதையும் நேர்மையா ஒத்துக்கணும். தனித்தனியா பார்த்தா எல்லாரும் நியாயம், மொத்தமா சேர்ந்தா கெடுதல். ஆனா அன்னைக்கு நடந்தது என்னன்னு கவனிங்க. அவர் கேட்டுக்கிட்டார். பலர் அணைச்சாங்க. யாரும் யாரோட பெட்டியையும் தூர இருந்து கழுத்தை நெரிக்கலை. அதைச் செஞ்ச கதை பின்னாடி வருது.

போனே ரவுட்டர் ஆன கதை

மைஃபை செய்யுற வேலையை ஸ்மார்ட்போனே செய்யலாமே? 2008லயே ஃபின்லாந்துக்காரங்க ஜாய்க்குஸ்பாட்னு ஒரு மென்பொருள் விட்டாங்க. நோக்கியா எஸ்60 போனை வை-ஃபை ஹாட்ஸ்பாட்டா மாத்திடும். அதே வருஷம் ஐபோனுக்கு நெட்ஷேர்னு ஒண்ணு ஆப் ஸ்டோர்ல தலையைக் காட்டுச்சு. ஆப்பிள் தூக்கிடுச்சு. 2010 மே மாசம் ஆண்ட்ராய்ட் 2.2லயே ஹாட்ஸ்பாட் வசதி வந்துச்சு. 2011 மார்ச்ல ஐஓஎஸ் 4.3 மூலமா ஐபோனுக்கும் பரவலா வந்துச்சு.

உடனே கம்பெனிகள் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி மாசக் கட்டணம் போட்டாங்க. ஏற்கெனவே காசு குடுத்து வாங்கின டேட்டாவை லேப்டாப்புல பார்க்க இன்னொரு 20 டாலர். கட்டாம இருக்க ஜனங்க இலவச ஆப்களுக்குப் போனாங்க. வெரைசன் அந்த ஆப்களை ஆண்ட்ராய்ட் கடையில தன் வாடிக்கையாளர்களுக்குக் காட்டாதேன்னு கூகிள்கிட்ட சொல்லுச்சு. ஆனா 2008 ஏலத்துல வெரைசன் வாங்கியிருந்த அலைவரிசையோட ஒரு நிபந்தனையும் வந்திருந்துச்சு: வாடிக்கையாளர் விரும்புற சாதனத்தையும் மென்பொருளையும் தடுக்கக் கூடாது. எஃப்சிசி அந்த நிபந்தனையைக் காட்டுச்சு. 2012 ஜூலையில 12.5 லட்சம் டாலர் கட்டி சமாதானம். அளவு வச்ச பிளான்ல இருக்குறவங்க அந்த 20 டாலர் கட்டாமலே ஆப் மூலமா பிரிச்சுக்கலாம்னு ஆச்சு. கார்ட்டர் உயிரோட இருந்தா மீசையை முறுக்கியிருப்பார்.

நாட் போட்டா வெளிய ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேனே, கம்பெனி எப்படிக் கண்டுபிடிக்குதுன்னு கேப்பீங்க. ஒவ்வொரு பாக்கெட்லயும் டிடிஎல்னு ஒரு எண் இருக்கும். போன்கள் பொதுவா 64ல ஆரம்பிக்கும். ஒரு ரவுட்டரைத் தாண்டும்போது ஒண்ணு குறையும். போன்ல இருந்து நேரா வந்தா 64. லேப்டாப்புல இருந்து போன் வழியா வந்தா 63 (விண்டோஸா இருந்தா 127). வாசல்ல நிக்கிறவனுக்கு இது போதும். பி.பி. வீட்டுல இருந்து பேசுறவர் மூச்சு வாங்கிட்டே பேசினா, இவர் எதிர்வீட்டுல இருந்து ஓடி வந்தவர்னு எக்சேஞ்ச் கண்டுபிடிக்கிற மாதிரி! இதுக்கு மாத்து, ரவுட்டர்ல டிடிஎல்லைத் திரும்ப ஏத்தி எழுதுறது. ஐபிடேபிள்ஸ்ல ஒரு வரி.

விசில் அடிச்ச ஓட்டல்

இனி நான் சொல்றேன்னு சொன்ன அந்தக் கதை.

2013 மார்ச்ல எஃப்சிசிக்கு ஒரு புகார் போச்சு. நாஷ்வில் ஊர்ல கேலார்ட் ஓப்ரிலேண்ட்னு பெரிய மாநாட்டு ஓட்டல், நிர்வாகம் மேரியட். அங்க தன்னோட சொந்த ஹாட்ஸ்பாட் வேலை செய்யலைன்னார் புகார்தாரர். விசாரிச்சா, ஓட்டல்ல இருக்குற வை-ஃபை கண்காணிப்பு அமைப்பு, விருந்தினர்களோட ஹாட்ஸ்பாட்டைத் தேடித் தேடித் துண்டிச்சுட்டு இருந்திருக்கு. அதே மாநாட்டுக் கூடத்துல ஓட்டல் வை-ஃபைக்கு வசூல் என்ன தெரியுமா? ஒரு சாதனத்துக்கு 250 டாலர்ல இருந்து 1,000 டாலர் வரைக்கும்.

எப்படித் துண்டிச்சாங்க? பஸ்ல போயிருப்பீங்க. கண்டக்டர் விசில் அடிச்சா டிரைவர் வண்டியை நிறுத்துவார். பின் சீட்டுல இருக்குற ஒரு குறும்புக்காரன் விசில் அடிச்சாலும் நிறுத்துவார். விசிலுக்குக் கையெழுத்தா இருக்கு? வை-ஃபையிலும் அப்படி ஒரு விசில் உண்டு. "உன் இணைப்பை முறிச்சுட்டேன், போ"ன்னு ரவுட்டர் சாதனத்துக்கு அனுப்புற ஒரு சின்னத் தகவல். பழைய வை-ஃபையில டேட்டாவுக்கு என்க்ரிப்ஷன் இருக்கும், இந்த மாதிரி நிர்வாகத் தகவலுக்குக் கிடையாது. யார் வேணும்னாலும் உங்க ரவுட்டர் பேர்ல அதை அனுப்பலாம். ஓட்டல் அதைத்தான் ஓயாம அடிச்சுட்டு இருந்துச்சு.

விருந்தினர்களைப் போலி ஹாட்ஸ்பாட்கள்ல இருந்து பாதுகாக்கத்தான் செஞ்சோம்னு மேரியட் சொல்லிச்சு. 2014 அக்டோபர்ல 6 லட்சம் டாலர் கட்டச் சம்மதிச்சுது. 2015 ஜனவரியில எஃப்சிசி வெளிப்படையா எச்சரிச்சுது: அடுத்தவரோட வை-ஃபையை வேணும்னே தடுக்குறது சட்ட விரோதம். அதே வருஷம் ஆகஸ்ட்ல, மாநாட்டு அரங்குகளுக்கு இணையம் குடுக்குற ஸ்மார்ட் சிட்டி ஹோல்டிங்ஸ் இதே குத்தத்துக்கு 7.5 லட்சம் டாலர் கட்டுச்சு.

இங்க 1985ல எடுத்த முடிவோட அருமை புரியுதா? கட்டடம் ஓட்டலோடது. மேஜை நாற்காலி ஓட்டலோடது. ஆனா அந்த அறைக்குள்ள இருக்குற 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓட்டலோடது கிடையாது. அது எல்லாருக்கும் பொது. என் ஹாட்ஸ்பாட்டுக்கு அங்க இருக்குற உரிமையும் ஓட்டல் ரவுட்டருக்கு இருக்குற உரிமையும் ஒண்ணுதான்.

விசில் ஓட்டையையும் அடைச்சிட்டாங்க. நிர்வாகத் தகவலுக்கும் பாதுகாப்பு குடுக்குற 802.11டபிள்யூ 2009லயே வந்துச்சு. ஆனா கட்டாயம் இல்லாததால பலர் கண்டுக்கலை. 2018ல வந்த டபிள்யூபிஏ3 அதைக் கட்டாயமாக்குச்சு. உங்க ஹாட்ஸ்பாட்ல டபிள்யூபிஏ3ன்னு ஒரு ஆப்ஷன் இருந்தா போட்டு வையுங்க.

சண்டை அதோட முடியலை. 2016 செப்டம்பர்ல நியூயார்க் பக்கம் ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்துல ஜனாதிபதி வேட்பாளர் விவாதம். வந்த பத்திரிகையாளர்கள் சொந்த ஹாட்ஸ்பாட் போடக் கூடாது, அங்க இருக்குற வை-ஃபைக்கு 200 டாலர் கட்டணும்னாங்க. செய்தி அனுப்ப வந்தவங்ககிட்டயே!

நம்ம ஊர் திருப்பம்

இந்தியாவுல இந்தப் பெட்டி வேற ஒரு வேலைக்குப் பயன்பட்டுச்சு. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்தப்ப அது முழுக்க 4ஜி. கீழ 2ஜி, 3ஜி கிடையாது, குரல் அழைப்பும் 4ஜி வழியாத்தான். ஆனா நிறைய பேர் கையில இருந்தது 3ஜி போன். அவங்களுக்குப் பாலமா வந்தது ஜியோஃபை பெட்டி. சிம் பெட்டிக்குள்ள, பழைய போன் பெட்டியோட வை-ஃபையில, ஒரு ஆப் போட்டா போன் அழைப்பும் அதுலயே. மத்த நாட்டுல ஊர் சுத்த வாங்கின பெட்டியை இங்க புது போன் வாங்குற செலவைத் தள்ளிப்போட வாங்கினாங்க.

இனிமே எதுக்கு?

போன்லயே ஹாட்ஸ்பாட் இருக்கு, வெளிநாடு போனா இ-சிம் இருக்கு, இந்தப் பெட்டிக்கு இனிமே என்ன வேலைன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. வாடகைப் பெட்டிக்குத் தேவை குறையும்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா போன் பேட்டரியைக் காப்பாத்தணும், குடும்பத்துல ஆறு சாதனம், ஓட்டல்ல சாதனத்துக்கு ஒரு கட்டணம், எல்லாத்தையும் ஒரே விபிஎன்ல அனுப்பணும்னா, தனிப் பெட்டிக்கு ஈடு இல்லை.

பெட்டி போனாலும் கேள்வி போகாது. இன்னைக்கும் அமெரிக்காவுல பல "அன்லிமிடெட்" பிளான்ல ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு வச்சிருக்காங்க. போன்ல பார்த்தா ஒரு கணக்கு, அதே டேட்டாவை லேப்டாப்புல பார்த்தா வேற கணக்கு. அடுத்த தடவை ஒரு பிளான் வாங்கும்போது எத்தனை ஜிபின்னு மட்டும் பார்க்காம, ஹாட்ஸ்பாட்டுக்கு என்ன நிபந்தனைன்னு பொடி எழுத்தையும் படிங்க. ரூம் எடுக்கும்போது வை-ஃபை உண்டான்னு மட்டும் கேக்காம, எத்தனை சாதனத்துக்குன்னும் கேளுங்க.

எனக்கு உபயோகம், ஊருக்குக் கெடுதல் இல்லை. 1956ல ஒரு கிண்ணத்துக்காகச் சொன்ன நியாயம், பையில இருக்குற இந்தப் பெட்டிக்கும் அப்படியே பொருந்துது. அந்த நியாயம் தானா வந்து சேரலை. ஒரு தடவை ஒரு டெக்சாஸ்காரர் வழக்கு போட்டார். இன்னொரு தடவை நாஷ்வில் ஓட்டலுக்குப் போன ஒருத்தர், "சிக்னல் சரியில்லை போல"ன்னு விட்டுடாம ஒரு புகார் எழுதிப் போட்டார். அந்த ஒரு புகார்தான் 6 லட்சம் டாலர் அபராதம் வரைக்கும் போச்சு.

உங்க ஹாட்ஸ்பாட் எங்கயாவது காரணமே இல்லாம அறுந்து அறுந்து போயிருக்கா? எந்த மாதிரி இடத்துலன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. சேர்த்து வச்சுப் பார்ப்போம்.